ஒரு வண்டியை மட்டும் திருப்பினேன்

யுவ வருஷம், தை 8, செவ்வாய்

காலையில் கடும் பனி. வில்லியனூர் ஸ்டேஷனில் ரயில் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். புதுச்சேரி கோர்ட்டில் ஒரு வாய்தா, அதுவும் தள்ளிப்போனது. குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும். கனகம் சொல்லிவிட்ட சுக்கு, மிளகு இரண்டையும் மறந்து வீடு வந்து அவளிடம் பேச்சு வாங்கினேன்.

சாயங்காலம் வெல்ல மண்டிக்காரர் வந்தார். பெயரை முழுதாக எழுத வேண்டாம், ச. போதும். உட்காரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"முடியல, வக்கீலய்யா. சீனி வெலை எறங்குன நாளா வெல்லத்த வாங்க ஆள் இல்ல. கெடங்கு நெறைய சரக்கு, கையில ஒண்ணும் இல்ல. கடன் குடுத்த புதுச்சேரிக்காரங்க நெருக்கறாங்க. இன்னா பண்றதுன்னு தெரியல."

நான் சொன்னது: திவால் என்று திரிபுனாலில், அதாவது பிரெஞ்சுக் கோர்ட்டில், தானே போய் அறிவித்துவிட வேண்டும். தாமதம் கூடாது. இன்று முதல் யாரிடமும் புதுச் சரக்கு வாங்கக் கூடாது. கிடங்கிலிருந்து ஓர் உருண்டை வெல்லம்கூட வெளியே போகக் கூடாது. வேண்டியவருக்கு மட்டும் மறைவாகக் கொடுத்துவிட்டு மற்றவரைக் கைவிடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே தராசு. (இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். நன்றாக வந்தது.)

"தைப்பூசம் கழியட்டும்யா. கோயில்ல அன்னதானம் எங்க வூட்டு மொறை. அதுவரைக்கும் ஒங்க காதோட இருக்கட்டும்."

இருக்கும் என்றேன். வக்கீல் அங்கி போட்ட அன்றைக்குச் செய்த சத்தியமே அதுதானே.

தை 12, சனி

பனி குறைவு. தொண்டைக் கட்டு. மிளகு ரசம்.

ச.வின் மண்டி வழியாக வந்தேன். வாசலில் பாரவண்டி நிற்கிறது, சுத்துக்கேணி வண்டி. மூட்டை இறங்குகிறது. ஆள் நடுவில் ச. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

"வாங்காதீர்கள் என்று சொன்னேனே."

"திடீர்னு வேணாம்னா இன்னா ஏதுன்னு கேப்பாங்களே. ஒரே நாளில ஊர் பூரா தெரிஞ்சிபூடும்."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது, அங்கே நிற்கும்போது. தெருவுக்கு வந்த பிறகுதான் படவில்லை.

தை 15, செவ்வாய்

ஏம்பலம் போனேன். தங்கை செல்லம்மா வீட்டில் ஆலை ஆடுகிறது. மாடு சுற்றுகிறது, கொப்பரை கொதிக்கிறது, கொல்லை முழுக்கக் கருப்பஞ்சாற்றின் வாசம். குழந்தைகள் முகமெல்லாம் பிசுக்கு. செல்லம்மா ஒரு செம்பு சாறு, எலுமிச்சை பிழிந்து, கொடுத்தாள். தொண்டைக்கு ஆகாது என்று தெரிந்தும் குடித்தேன்.

பக்கத்துக் காணிக்காரி தனகோட்டியும் அங்கே. புருஷன் போனபின் நிலத்தைத் தானே பார்க்கிறாள். செல்லம்மாவும் அவளும் ஒரே ஆலையில் முறை வைத்து ஆட்டுகிறார்கள், ஒரே கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

சாப்பிடும்போது மாப்பிள்ளை கோவிந்தன் கேட்டார். "மச்சான், இந்த வருஷம் மொத்தத்தையும் வில்லியனூர் மண்டிலயே போட்றலாம்னு இருக்கறோம். நீங்கதான அவருக்கு வக்கீலு. போடலாமா?"

இடது மாட்டுக்குக் கால் நொண்டுகிறதே என்று கேட்டேன்.

கோவிந்தன் மாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். தனகோட்டிதான் விடவில்லை. செல்லம்மாவிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியே:

"அண்ணன் ஒண்ணும் சொல்லலன்னா நல்லாத்தான் இருக்குதுன்னு அர்த்தம்டி. கெட்டதா இருந்தா சொல்லாம இருப்பாரா?"

கை கழுவப் போனேன்.

தை 16, புதன்

வெயில். வேலை ஓடவில்லை.

எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். கட்சிக்காரர் சொன்னதைச் சொல்லக் கூடாது, சரி. நான் வாயைத் திறந்தால் இனி ஒருவரும் ஒரு வக்கீலை நம்பி உள்ளதைச் சொல்ல மாட்டார்கள், அதுவும் சரி. ஆனால் சும்மா இருந்ததையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்களே. பொய் சொல்லாமலே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ச.வுக்கு ஆள் அனுப்பினேன், உடனே திரிபுனாலுக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்று. பூசம் கழியட்டும் என்றே பதில். இல்லையென்றால் உங்கள் வழக்கு எனக்கு வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவர் நல்ல ஃபீஸ் தரும் கட்சிக்காரர். அதுதான் காரணம், வேறு இல்லை.

தை 21, திங்கள்

இன்று செய்ததை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலையில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிறேன். லெவல் கிராசிங் அடைத்திருக்கிறது. கேட்டுக்கு அந்தப்பக்கம் இரண்டு வண்டி, வைக்கோல் போட்டு மூடிய வெல்லப் பாரம். முன்னால் கோவிந்தன். பின்வண்டியில் மூட்டை மேல் தனகோட்டி. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ரயில் போயிற்று. கேட்டைத் திறந்தார்கள். நான் நேரே போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். கோவிந்தனின் காதருகே:

"மாப்பிள்ளை, வண்டியைத் திருப்புங்க. ஏன்னு கேக்காதீங்க."

கோவிந்தன் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். வண்டியைத் திருப்பத் தொடங்கினார்.

பின்னாலிருந்து தனகோட்டி: "இன்னா அண்ணே? இன்னா ஆச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். கடமையைத்தான் உடைத்தாயிற்றே, முழுசாக உடைத்திருக்கலாம். சொன்னது இது: "செல்லம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஆள் வந்தது. மாப்பிள்ளையை வீட்டுக்குப் போகச் சொல்றேன்."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, காலையில நல்லாத்தான இருந்தா! நீங்க போங்கண்ணே கோவிந்தண்ணே, நான் எறக்கிட்டு ஓடியாறேன்."

அவள் வண்டி என்னைத் தாண்டிப் போனது. மண்டித் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ரயிலில் கோர்ட்டுக்குப் போனேன். ஒரு பாத்தியதை வழக்கு, ஜெயித்தேன்.

தை 22, செவ்வாய்

கனகம்: "செல்லம்மாவுக்கு உடம்பு சரியில்லியாமே? ஊரெல்லாம் தெரிஞ்சிருக்குது, எனக்கு மட்டும் சொல்லல. கெளம்புங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்."

வேண்டாம், சரியாகிவிட்டது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் ஒற்றை மாட்டு வண்டி பிடித்துத் தனியாகவே ஏம்பலம் போய்விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து சொன்னாள். தனகோட்டி நேற்று மண்டியிலிருந்து நேராக செல்லம்மா வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். கஞ்சி வைத்து, தொட்டுக்கொள்ளத் துவையல் அரைத்து எடுத்துக்கொண்டு. செல்லம்மா ஆலைக்குப் பக்கத்தில் நின்று சக்கை அள்ளிக்கொண்டிருந்தாளாம். கோவிந்தன் அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார் போல. செல்லம்மா என்ன செய்வாள்? இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கஞ்சியைக் குடித்திருக்கிறாள்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்கண்ணி, அந்தக் கஞ்சிய வாந்தி எடுத்துட்டேன்னு," என்றாளாம்.

தை 26, சனி

நேற்று பூசம். அன்னதானம் நடந்தது. ச. இலை இலையாகக் குனிந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று உபசரித்ததைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்களில் ஏம்பலத்துக்காரர்களும் உண்டு.

இன்று விடியற்காலையில் மண்டி பூட்டிக் கிடக்கிறது. சேதி காட்டுத்தீ. பத்து மணிக்கு நானே கூட்டிக்கொண்டு போய்த் திரிபுனாலில் அறிவித்தேன். ச. வழியெல்லாம் ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

இனி பெயரை மறைத்து என்ன. சபாபதி.

தை 28, திங்கள்

திவாலானவர் சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் நியமித்த அதிகாரி, இங்கே சிண்டிக் என்பார்கள், முத்திரை வைக்க வந்தார். சபாபதியின் வக்கீலாக நானும் உடன். மேர், அதாவது ஊர்த் தலைவர், அனுப்பிய ஆளும் உண்டு. வாசலில் கூட்டம்: சுத்துக்கேணி, பண்டசோழநல்லூர், ஏம்பலம்.

கிடங்கைத் திறந்தார்கள். பாதி காலி.

தரையில் சுமை இருந்த இடமெல்லாம் ஈரத் தடம், எறும்பு. சிண்டிக் என்னைப் பார்த்தார், நான் சபாபதியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

கேட்ட பேச்சுகள்: "கண்டமங்கலத்துக்கு ஓட்டிட்டான்யா, மச்சினன் வூட்டுக்கு. இங்கிலீஷ் எல்லை தாண்டிட்டா நம்ம பிரெஞ்சு போலீஸு இன்னா பண்ணும்?" "வக்கீல வெச்சிக்கினுதான் எல்லாம் நடந்திருக்குது." "அப்ப ஏம்பலத்து கோவிந்தன் வண்டி மட்டும் எப்பிடிடா திரும்பிச்சி?"

கடைசிக் கேள்விக்குப் பிறகு தலைகள் என் பக்கம் திரும்பின.

தனகோட்டி கூட்டத்தின் ஓரத்தில். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். நான் வெளியே வரும்போது அருகில் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"செல்லம்மாவுக்கு இப்ப ஒடம்பு தேவலாமாண்ணே?"

மாசி 4, ஞாயிறு

சபாபதியைப் பிடித்துப் புதுச்சேரி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். சரக்கை மறைத்த திவால், மோசடித் திவால். சாதாரண திவாலுக்கு அவமானமும் சில மாதமும்தான். இது கடுங்காவல் வரை போகும்.

இன்று அனுமதி வாங்கிப் பார்த்தேன். தாடி வளர்ந்து ஆளே வேறு.

ஏன் ஓட்டினீர்கள், அதைத்தானே முதல் நாளே செய்யக் கூடாதென்றேன் என்று கோபமாகவே கேட்டேன்.

கம்பிக்கு அருகில் வந்தார். பிறகு: "நெசமாவே நான் தொடறதா இல்ல, வக்கீலய்யா. கோயில்ல நின்னு சொல்றாப்பல சொல்றேன். ஏம்பலத்து வண்டி கேட்டாண்ட திரும்பிச்சின்னு கூலிக்காரன் வந்து சொன்னான். நீங்க கயித்தப் புடிச்சி நின்னதையும் சொன்னான். சரி, வக்கீலே சொல்ட்டாரு, நாளைக்கு ஊரே வந்து கெடங்க ஒடைக்கும்னு நெனச்சேன். பயந்துட்டேன். பூசத்துக்கு முன்னால ரெண்டு ராத்திரி ஓட்டிட்டோம்."

அவரே தொடர்ந்தார்.

"தங்கச்சிக்கு சொன்னதுக்கு ஒங்க மேல கோவம் இல்ல. எனக்கிருந்தா நானும் சொல்லியிருப்பேன். ஆனா அந்தப் பொம்பள வண்டியையும் திருப்பியிருக்கலாமே. அது வந்து எறக்குச்சி. நானும் எறக்கிக்கினேன்."

இதை நான் நீதிபதியிடம் சொல்கிறேன், பயத்தில் செய்தது, முன்கூட்டித் திட்டமிட்டதல்ல என்று ஆகும் என்றேன்.

"வேணாம். வாயத் தொறந்தீங்கன்னா ஒங்க அங்கி போயிடும். அப்புறம் எனக்கு யாரு பேசுவா? இத நான் சொல்றேன், கேளுங்க. சொல்லாதீங்க."

மாசி 5, திங்கள்

காற்று. கிணற்றடி வேப்பமரத்திலிருந்து இலை கொட்டுகிறது. சாப்பாடு இறங்கவில்லை.

கட்சிக்காரர் சொல்லாதே என்கிறார். கட்சிக்காரர் சொல்லுக்குக் கட்டுப்படுவது என் கடமை. சொல்லாமலிருந்தால் என் அங்கி எனக்கு மிஞ்சும். கடமையும் சவுகரியமும் இப்படி ஒரே பக்கமாக வந்து நிற்கும்போது எதை நம்புவது? முன்பு ஏம்பலத்துக் கொல்லையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் கடமை என்றுதான் பெயர் வைத்தேன். அடுத்த வாரமே சொந்தத் தங்கைக்காக அதே கடமையைத் தூக்கி எறிய ஒரு ரயில் போகும் நேரம்கூட ஆகவில்லை.

தங்கைக்குச் சொன்னது குற்றமா, மற்றவர்களுக்குச் சொல்லாதது குற்றமா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இரண்டும்தான். ஒன்று மற்றதைக் கழுவவில்லை.

மாசி 8, வியாழன்

புதுச்சேரியில் லூயியைப் பார்த்தேன். என்னோடு ஒரே நாளில் அங்கி போட்டவன், பூசி மெழுகிப் பேசத் தெரியாதவன். எல்லாவற்றையும் சொன்னேன். சுருட்டை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"நீ இந்தக் கேஸ்ல வக்கீல் இல்லப்பா. சாட்சி. சாட்சி எப்படி வக்கீலா நிப்பான்? மொதல்ல எழுந்து வெளிய வா."

"அவர் சொல்லக் கூடாதென்கிறார்."

"அவர் உங்கிட்ட சொன்னத நீ சொல்லாத. அது அவருது. நீ ரயில் கேட்டுக்கிட்ட செஞ்சது உன்னுது. அத சொல்றதுக்கு ஒனக்கு வாய் இருக்குது. ஆனா அதுக்கும் முன்னாடி அவர்கிட்ட போயி நேரா சொல்லிட்டு வா. முதுகுக்குப் பின்னாடி ஒருதரம் பண்ணது போதும்."

கேஸை அவனே எடுத்துக்கொள்கிறானாம். நன்றி சொன்னேன். உனக்காக இல்லை என்றான்.

மாசி 9, வெள்ளி

ஜெயில். வழக்கிலிருந்து விலகுகிறேன், நான் செய்ததைச் சாட்சியாகச் சொல்லப் போகிறேன் என்று சபாபதியிடம் சொன்னேன்.

"வுட்டுட்டு ஓடறீங்களா?" கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். காவலாள் திரும்பிப் பார்த்தான். "மொதல்ல வாயத் தொறந்து கெடுத்தீங்க. இப்ப வுட்டுட்டு ஓடறீங்க!"

ஓடவில்லை, சாட்சிப் பக்கம் வந்து நிற்கிறேன், உங்களுக்கு அங்கேதான் நான் பயன்படுவேன் என்றேன். கண்டமங்கலத்து வெல்லத்தைத் திருப்பிக் கொண்டுவர மச்சினனுக்குச் சொல்லி அனுப்பும்படி கெஞ்சினேன். கடைசியில், சம்சாரத்தை வரச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன் என்றார். மற்றதற்கு, "செய்யுங்க, உங்க இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாசி 14, புதன்

கண்டமங்கலத்திலிருந்து வண்டிகள் வந்தன. சுங்கச் சாவடியில் தகராறு, வரி, கடைசியில் விட்டார்கள். நிறையக் கசிந்து உருகிப்போயிருக்கிறது. சிண்டிக் எடை போட்டு வாங்கிக்கொண்டார்.

செல்லம்மா தன் வீட்டு வெல்லத்தில் சரிபாதியை வண்டியில் ஏற்றித் தனகோட்டி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். தனகோட்டி இறக்க விடவில்லை.

"நாம ரெண்டு பேரும் ஒரே கொப்பரையில காய்ச்சுனதுதான் இது. ஒங்கண்ணன் பிரிச்சிட்டாரு. நீ எடுத்துக்கினு போ."

கனகம் இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் அதிகம்.

மாசி 25, ஞாயிறு

மகம். திருக்காஞ்சி ஆற்றில் நல்ல கூட்டம். கனகம் கட்டாயப்படுத்தியதால் போனேன். செல்லம்மாவும் மாப்பிள்ளையும் அக்கரைப் படியில். கோவிந்தன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். செல்லம்மா குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், உலர்ந்த பிறகும்.

மூழ்கி எழுந்தேன். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் இந்த வருஷம்.

மாசி 27, செவ்வாய்

விசாரணை நீதிபதி அறை. அங்கியில்லாமல் அந்தக் கட்டடத்தில் நுழைந்தது இதுதான் முதல் தடவை. வாசல் சேவகன் பழக்கத்தில் எழுந்து நின்றான், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தான்.

லூயி எதிரில். ஒரு வார்த்தை சிநேகமாகப் பேசவில்லை. அது நல்லதே.

பிரெஞ்சில் சொன்னேன்: கட்சிக்காரரின் நிலைமை எனக்குத் தொழில் முறையில் தெரியும். அதை வைத்து என் சொந்தத் தங்கையின் வண்டியைத் திருப்பினேன். பின்னால் வந்த வண்டிக்குப் பொய் சொல்லிப் போக விட்டேன். அதை அறிந்துதான் சபாபதி பயந்தார்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "இரண்டாவது வண்டிக்கும் சொல்லியிருந்தால் உங்கள் தவறு பெரிதாகியிருக்குமா, சிறிதாகியிருக்குமா, மெத்ர்?"

மெத்ர் என்று வக்கீலை அழைக்கிற மரியாதையில்தான் கேட்டார். தெரியவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

மாசி 29, வியாழன்

சரக்கு திரும்பியதாலும் வாக்குமூலத்தாலும் மோசடி என்பதை நீக்கிவிட்டார்கள். தாமதித்ததற்கும் தெரிந்தே சரக்கு வாங்கியதற்கும் வழக்கு நிற்கும். சபாபதி சில மாதத்தில் வீடு திரும்புவார் என்கிறான் லூயி. பாக்கி வர வேண்டிய எல்லோருக்கும் பங்கு கிடைக்கும், முழுசு அல்ல.

எனக்கு: மறு உத்தரவு வரை அங்கி போடக் கூடாது. எவர் சார்பிலும் பேசக் கூடாது. அப்பீலுக்கு வழியுண்டு. போகவில்லை.

கனகம் அங்கியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். ஏன் துவைத்தாய் என்று கேட்டேன். அழுக்காக இருந்தது என்றாள்.

பங்குனி 2, ஞாயிறு

வெயில் தொடங்கிவிட்டது. வாசலில் தண்ணீர் தெளித்த இடம் உடனே காய்கிறது.

மத்தியானம் தனகோட்டி வந்தாள். நான் எழுந்து நின்றேன். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே சொன்னாள்.

"சிண்டிக்குகிட்ட எங்க ஊருக்காரங்க பங்க கேக்கணும். அவரு பிரெஞ்சில பேசறாரு, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க வந்து ஒரு வார்த்த பேசிக் குடுங்கண்ணே. நாளைக்குத்தான் கூப்புட்டிருக்காரு."

என்னிடம் அவள் கேட்டாள். அதுவே பெரிது. போக எனக்கு ஆசைதான்.

நான் வரக் கூடாது என்றேன். அங்கி நிறுத்திவைத்திருக்கிறார்கள், அதுவும் இல்லாமல், சபாபதிக்கு வக்கீலாக இருந்தவன் அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்காக அதே விஷயத்தில் பேசக் கூடாது. புதுச்சேரியில் இன்னொருவரைச் சொல்கிறேன், காசு வாங்காமல் செய்வார் என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் சரி.

தனகோட்டி முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப மட்டும் சட்டமாண்ணே?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடப் போனேன். முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் புதுச்சேரி வக்கீலின் தெருவை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். முடிச்சை அவிழ்த்து அவளே எடுத்துக்கொண்டாள்.